மகள் படித்துச் சொன்ன மெசேஜ்

நாங்கள் ஆந்திராவில் நகரி பக்கம். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நாலாவது படிக்கும் என் மகள்தான் படித்துச் சொல்வாள்.

"தெனமும் ரெண்டு மணி நேரம் வீடியோ பாக்கணுமாம்மா, டீச்சர் போட்டுக்கிறாங்க" என்றாள். நானும் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

ஆத்திரத்தோடு பள்ளிக்குப் போனேன். "புள்ளைங்கள இப்டி போன் பாக்க வச்சிக்கினு இருந்தா கண்ணு என்னாவறது டீச்சர்?" என்று கத்தினேன். அவர் அந்த மெசேஜைத் தெலுங்கில் உரக்கப் படித்தார். 'பிள்ளைகள் கையில் போன் கொடுக்காதீர்கள்' என்றுதான் இருந்தது.

இப்போது டீச்சரைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லிவிட்டேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகப் போட்டுக் கேட்கிறேன்.