அவசரம் இல்லை

எங்கள் வீட்டு மாடிப்படி தெருவில் நின்றது. வீட்டுக்குள் அதற்கு இடம் இருந்தது. அந்த இடத்தை விட மனம்தான் இல்லை. நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஒருவர் படியை இறக்குவார், எதிர்வீட்டுக்காரர் சாக்கடைமேல் கல் பரப்பி வண்டி நிறுத்துவார், தெரு வயிற்றை எக்கிக்கொண்டு நடுவில் போகும்.

படிக்குக் கீழே ஓர் அறை. ஆறடிக்கு மூன்றரை. ஒரு மேசை, ஒரு காற்றாடி, முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தெருவின் கால்கள் மட்டும் தெரியும். செருப்புச் சத்தத்தை வைத்தே இஸ்திரிக்காரர் போகிறாரா, பால் ஊற்றுகிறவர் போகிறாரா என்று சொல்லிவிடுவேன். அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். மழையைப் பற்றி, வெயிலைப் பற்றி, எளிய மனிதர்களைப் பற்றி. எளிய மனிதர்கள் நடக்க வேண்டிய இடத்தில் மேசை போட்டு எளிய மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். இன்று அந்த நோட்டுகளைத் திறக்கக் கை கூசுகிறது.

வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் அந்த அறையையும் டேப் வைத்து அளந்தார். அடுத்த நோட்டீஸில் அதற்கும் சேர்த்து வரி போட்டிருந்தார்கள். என் மனைவி முணுமுணுத்தாள். நான் சந்தோஷமாகக் கட்டினேன். ரசீதை மடித்துப் பீரோவில் வைத்தபோது தெருவின் மூன்றரை அடியை நகராட்சியே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது. "பன்னு கட்றோம் இல்ல, அப்ப நம்மள்துதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வரிக்கு எங்கள் பக்கத்தில் பன்னு என்றுதான் சொல்வோம். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்; எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பேன். அதுதான் என் பிழைப்பு. திருப்பதியில் ஓர் அச்சகத்தில் வேலை. விடுதிக்காரர்கள் அறிவிப்புப் பலகைக்கான வாசகத்தைத் தெலுங்கில் கொடுப்பார்கள். மலைக்கு வரும் தமிழ் பக்தர்களுக்காக நான் அதைத் தமிழில் எழுதித் தருவேன். ஒருமுறை அலிபிரி போகும் வழியில் ஒரு விடுதியில் வேறு யாரோ எழுதிய பலகையைப் பார்த்தேன். 'அவசரம் இல்லாத விளக்குகளை அணைக்கவும்.' விளக்குக்கு என்ன அவசரம், ரயிலையா பிடிக்கப்போகிறது என்று சிரித்தேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் என்றால் பரபரப்பு, சீக்கிரம். ஒரே சொல், ஒரே உச்சரிப்பு, ஆற்றின் இரண்டு கரைகளில் இரண்டு பொருள். பலகையை நானே திருத்திக் கொடுத்தேன். பல வருடங்கள் இந்தக் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்று பிறகு நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதுதான்.

தெருக்கோடியில் விசைத்தறி வைத்திருந்த அக்கா ஆறு வருடம் முன்பு திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான்கு தறி. கணவருக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார். தறியை அக்காதான் ஓட்டினார். தெலுங்கு, காய்கறி வாங்கும் அளவுக்கு வரும். காகிதம் எது வந்தாலும் என் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, "தம்பி, இத இன்னா போட்டுக்கீறான்னு படி" என்று நீட்டுவார். நான் படித்துச் சொல்வேன். நம்பிக்கை என்பது அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஒரு கை. அதில் எப்போதும் நூல் தூசி ஒட்டியிருக்கும்.

போன வருடம் மார்கழியில் நகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், சுத்தமான சட்டை, கடப்பைப் பக்கத்துத் தெலுங்கு. தெருவை அகலப்படுத்தலாமா என்று வீடு வீடாகக் கருத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். தெரு முகப்பில் இருந்த வீட்டுக்காரர்கள் மழுப்பினோம். ரோடு பெரிசானால் பன்னும் பெரிசாகும் என்று ஒருவரை ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்தோம். கோடியில் இருந்த அக்காவிடம் அவர் சற்று அதிகமாகவே நின்றார். தறிக்கூடத்தில் நூலும் பஞ்சுமாக இருக்கிறது, நெருப்புப் பிடித்தால் ஃபயர் வண்டி இந்தத் தெருவில் நுழையாது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"ரோட்டு வெடல்பு அவசரமா, காதா?"

அகலம் தேவையா இல்லையா என்று கேட்டார். அவசரமா என்று அக்காவின் காதில் விழுந்தது.

"அவசரம் இல்ல சார்" என்றார் அக்கா. "பொங்கலுக்குப் பொடவ ஆர்டர் கீது. தறிய நிறுத்த முடியாது. பொங்கல் போவட்டும், அப்பறமா இடிச்சிக்கோங்கோ. ரோடு வாணான்னு சொல்லல."

அதிகாரிக்குப் பின்பாதி புரியவில்லை. அக்கா கூப்பிட்டுப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "ஏமண்டுன்னாரு?"

என்ன சொல்கிறார்? இரண்டு மொழிக்கும் நடுவில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், தெருவின் அந்த முனையில், என் மாடிப்படி.

"அவசரம் லேதண்டுன்னாரு" என்றேன்.

அவசரம் இல்லை என்கிறார். அக்காவின் சொல்லை அப்படியே எடுத்து அப்படியே வைத்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மீதியை விட்டுவிட்டேன். அதிகாரி 'தேவையில்லை' என்று எழுதிக்கொண்டு காகிதத்தை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்து, "போடலாமா தம்பி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தமிழில் கையெழுத்துப் போட்டார், கோணல் மாணலாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு.

பொங்கல் போயிற்று. மாசியில் ஒருநாள் ஜன்னலில் குனிந்தார்.

"இன்னா தம்பி, பொங்கல் போயி எம்மா நாள் ஆவுது, முனிசிபல்காரங்கோ வரவே காணோமே?"

"அவங்க வேல அப்டித்தான்க்கா. மெதுவா வருவாங்க."

"நான்தான் அவசரம் இல்லன்னு சொல்லித் தொலச்சிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று நான் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. எழுதினேன் என்பது நினைவிருக்கிறது.

சித்திரையில், காலை பதினொரு மணி வெயிலில், தறிக்கூடத்து மின்பெட்டியில் பொறி பறந்தது. பஞ்சுத்தூசி படிந்த கூரை. தீ ஓடிய வேகத்தை நான் எந்த உவமையிலும் வைக்கப்போவதில்லை. அந்த உரிமை எனக்கில்லை. தெரு முழுக்கக் குடமும் வாளியுமாக ஓடினோம். ஃபயர் வண்டி சீக்கிரமே வந்தது. சிவப்பாக, மணி அடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பி, என் மாடிப்படியில் முட்டி நின்றது. பின்னால் போய் மறுபடி வந்து பார்த்தார்கள். பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை டிரைவர் கையை விரித்தார்.

வண்டியிலிருந்து குதித்த ஒருவர் கத்தினார்: "ஈ மெட்லு எவரிவி?"

மெட்லு என்றால் படிகள். இந்தப் படிகள் யாருடையவை? நான் கூட்டத்தில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றேன். இஸ்திரிக்காரர்தான் பதில் சொன்னார், என்னைப் பார்க்காமல், மிகுந்த மரியாதையோடு:

"கவிகாரிவி."

கவிஞர் அவர்களுடையவை. அந்த 'அவர்கள்' இன்னும் காதில் இருக்கிறது.

குழாயை உருளையிலிருந்து இழுத்து, போதாமல் இன்னொன்றை முடுக்கி, தெரு நெடுக அவர்கள் ஓடிச் சேர்வதற்குள் கூரை இறங்கிவிட்டது. நான்கு தறியில் ஒன்று மிஞ்சியது. நெய்து மடித்து வைத்திருந்த புடவைகளை இழுக்கப் போய் அக்காவின் வலது முன்கை வெந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னோம். நான் இரண்டு முறை சொன்னேன்.

கை ஆறுவதற்குள் அக்கா தறியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கடன் வாங்கியாவது பழைய தறி இரண்டு வாங்கலாம், அதே இடத்தில் ஓட்டலாம். ஆனால் ஃபயர் வண்டி நுழையாத தெருவில் தறிக்கூடத்துக்கு லைசென்ஸ் தரமாட்டோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். "நீதான் தம்பி ஒரு அர்ஜி எழுதித் தரணும். கூட வந்து பேசணும்" என்றார். எழுதினேன். விண்ணப்பம்தான்; ஆனால் என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல தெலுங்கு.

அதே இளைஞர்தான் மேசையில் இருந்தார். அர்ஜியைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். ரோடு அகலமானால் லைசென்ஸ் தரலாம், ஆனால் ரோடு தேவையில்லை என்று இவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்களே என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். விரலால் காட்டினார். கோணல் மாணலான கையெழுத்து.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் அவசரம் இல்லன்னுதானே சொன்னேன்? வாணான்னா சொன்னேன்? சொல்லு."

சொன்னேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன்! பாஷையால் வந்த குழப்பம் சார், தமிழில் அவசரம் என்றால் இப்படி, தெலுங்கில் அப்படி, எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இதுதான் கஷ்டம் என்று விரித்தேன். விடுதிப் பலகைக் கதையையும் எடுத்துவிட்டேன். விளக்கு ரயிலைப் பிடிக்கப்போகிறதா என்று சொன்னதும் பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து கேட்டுச் சிரித்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும் மரியாதைக்குச் சிரித்தார். அதிகாரிக்குக் கதை பிடித்துவிட்டது.

"இப்புடு செப்பண்டி அம்மா, அவசரமா, அர்ஜெண்டா?" என்றார். இப்போது சொல்லுங்கள், தேவையா, சீக்கிரமா?

"ரெண்டும்தாங்க" என்றார் அக்கா.

தெருவை மறுபடி அளக்க எழுதுகிறேன் என்றார் அவர். பழியை இரண்டு மொழிகளின் தலையில் சரிபாதியாக வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். வேர்வை குளிர்ந்தது. அது நிம்மதி.

ஆட்டோவில் பாதி தூரம் வந்திருப்போம். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பலவ கத எப்ப நடந்துது தம்பி?"

"அதுவா... ஏழெட்டு வருஷம் இருக்கும்க்கா."

"அப்ப உனக்கு மின்னியே தெரியும்."

ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"பொங்கல் போவட்டும்னு நான் சொன்னத அந்த சாருகிட்ட ஏன் சொல்லாம வுட்ட?"

இன்னொரு கதை இருந்ததா என்று உள்ளே தேடினேன். இல்லை.

"மாடிப்படிக்கா" என்றேன்.

"படியா?"

"ஆமா. கீழ ரூம்பு கீது இல்ல. இடிச்சிடுவாங்கன்னு..."

அக்கா தன் கட்டைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"நீ மறந்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு டிரைவரிடம், "இங்கியே நிறுத்துப்பா." வீட்டுக்கு இன்னும் அரை மைல் இருந்தது. இறங்கி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்தார். நான் ஆட்டோவிலேயே வந்தேன்.

மறு அளவைக்கு யாரும் வருவதற்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களை வைத்துப் படியை இடித்தேன். மனைவி நோட்டுகளையும் காற்றாடியையும் உள்ளே எடுத்து வைத்தாள். மாடிக்குப் போக ஏணி. எதிர்வீட்டுக்காரர் தன் கல்லை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வண்டி நுழையும் அகலம் வந்துவிட்டது, அதிகாரி பின்னர் டேப் பிடித்துச் சரி என்றார். அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. கோடியில் இப்போது மூன்று தறி ஓடுகிறது. காகிதம் வந்தால் இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோகிறார். அவருக்குத் தெலுங்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

இடித்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மெல்ல இடிங்கப்பா, உள்ள கவித இருக்கப் போவுது" என்றார். நான் குனிந்து செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலவே, முதலில் கால்கள் மட்டும் தெரிந்தன. ரப்பர் செருப்பு, விரலில் நூல் தூசி.

நிமிர்ந்தேன். அக்கா நின்றிருந்தார். கட்டுப் பிரித்த கை இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"இன்னா அவசரம் தம்பி?" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இத்தனை வேகம் ஏன் என்று கேட்டாரா, இனி இது எதற்குத் தேவை என்று கேட்டாரா? தமிழில் கேட்டாரா, தெலுங்கில் கேட்டாரா? அதைப் பிரித்துச் சொல்வதுதான் என் தொழில். கையில் செங்கலோடு நின்றேன். அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை.