வானத்தில் திரும்பிய கல்

வானத்திலிருந்து விழுகிற கல் பாதி வழியில் திரும்பிப் போகாது. இது இப்போது எனக்குத் தெரியும். பத்து வயதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அத்தையின் வேலை போயிருக்காது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த இருபத்து மூன்று குழந்தைகளின் மேல் கண்ணாடி விழுந்திருக்கும். எதற்கு வருத்தப்படுவது என்று யோசிக்க உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பன்னிரண்டு வருடமாக ஆறாத கோபம்.

அந்த வருடம் பிப்ரவரியில் ரஷ்யாவில் ஒரு ஊருக்கு மேலே விண்கல் வெடித்தது. டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு சத்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆபத்து இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் என்ன ஏதென்று ஜன்னலுக்கு ஓடினார்கள். பின்னால் வந்த சத்தம் ஜன்னலை அவர்கள் முகத்திலேயே உடைத்தது. அப்பா வேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டபடியே அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நான் மட்டும் அதை ஒரு சட்டமாகவே மனதில் எழுதிக்கொண்டேன். கோடு தெரிந்தால் ஜன்னலை விட்டு ஓடு.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்குக் குறைவில்லை. கொடைக்கானல் குளிருக்கு வெள்ளைக்காரர்கள் வெயிலைப் பிடித்துவைக்கக் கட்டிய பழைய பங்களா ஒன்றில்தான் எல்.கே.ஜி. நடந்தது. அதில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகளை அங்கே பாயில் படுக்கவைப்பார்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அவர்கள் கதகதப்பாகத் தூங்குவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆயா என் அத்தை. அப்பாவின் அக்கா. மாமா இறந்தபிறகு எங்களோடு இருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கடிதத்தால் எனக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அப்படி வந்தவள் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்க வேண்டும். நான் அடக்கவில்லை. இடைவேளையில் எல்.கே.ஜி. குழந்தைகளைச் சுவரோரம் உட்காரவைத்து, கல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்தினேன். இரண்டு குழந்தைகள் வீட்டுக்குப் போய் ராத்திரியெல்லாம் அழுதன. ஹெச்.எம். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்னொரு தடவை இப்படிக் கதைகட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்தினால் டி.சி.யைக் கொடுத்துவிடுவேன், கடிதம் கொடுத்த சாமியாரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா டிரைவர் சட்டையோடு கைகட்டி நின்றதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவர் அடிக்கவில்லை. “படிப்ப மட்டும் பாரு” என்றார்.

எனக்கோ அதில் பெரிய அநியாயம் நடந்துவிட்டதாகத் தோன்றியது. சொன்னது பொய்யா? டிவியில் வந்ததுதானே? எனக்கு நியாயம் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். பி.டி. சார் மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மீசையும் விசிலுமாக மைதானத்தில் நிற்பார். கல் வந்தால் யார் தடுப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“ஆர்மி எதுக்கு இருக்கு பாப்பா? ராப்பகலா வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. வந்தா ராக்கெட்ட விட்டுத் தூள் பண்ணிருவாங்க” என்றார்.

நான் நம்பினேன். எங்கேயோ ஒரு மலை உச்சியில், என் பொருட்டு, பச்சை உடை போட்ட யாரோ கண் சிமிட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கு நினைத்தால் அந்த நிம்மதிக்காகவும் யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கிறது.

தவக்காலம் பாதி கடந்திருந்தது. பனிமூட்டம் இல்லாத மத்தியானம்; பள்ளத்தாக்கு முழுவதும் துலக்கமாகத் தெரிந்தது. நான் கை கழுவப் போனவள் நிமிர்ந்து பார்த்தேன். வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் நுனியில் ஏதோ பளிச்சென்று மின்னியது. பிறகு அந்தக் கோடு வளைந்து, வந்த பக்கமே திரும்பியது. கல் ஏன் திரும்புகிறது என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் எச்சில் கையோடு ஓடினேன்.

“அத்தே, கல்லு வருது. கண்ணாடி ரூம்ல பிள்ளைக இருக்கக் கூடாது அத்தே.”

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். என்னடி உளறுகிறாய் என்று கேட்கவில்லை. வெளியே போய் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. முதல் பாயில் கிடந்த இரண்டு குழந்தைகளைக் கக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கினாள். “வெரசா வா புள்ள, அந்தக் கடைசிப் பாயிலேருந்து நீ கொண்டா” என்றாள். தூக்கியும், இழுத்தும், நடக்கிறவர்களை முதுகில் தட்டி நடக்கவைத்தும், ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குள் எல்லோரையும் கொண்டுபோய் அடைத்தோம். ஒருத்தன் மட்டும் தூக்கத்தைக் கெடுத்ததற்காக அத்தையின் கையைக் கடித்தான். அவனை அவள் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். அதன்பிறகு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. திண்டுக்கல் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கேட்கிறவர்கள்தான். வீடு ஒரு உலுக்கு உலுக்கும், பாத்திரம் உருளும், எல்லோரும் தெருவுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், மறுநாள் செய்தித்தாளில் மர்மச் சத்தம் என்று போடுவார்கள். அன்றைக்கு அது எங்கள் தலைக்கு மேலேயே கேட்டது. கதவைத் திறந்து பார்த்தபோது கண்ணாடி அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திறந்து கிடந்தது. பதினொரு சட்டங்களில் கண்ணாடி இல்லை. எல்லாம் பாய்களின் மேல் கிடந்தன. ஒரு தலையணையில் கத்தி மாதிரி ஒரு துண்டு செருகி நின்றது.

நான் மைதானத்துக்கு ஓடி, ஆர்மி ஏன் அதைத் தடுக்கவில்லை என்று பி.டி. சாரிடம் கேட்டேன். அவர் வானத்தில் கலைந்துகொண்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது கல்லு இல்ல பாப்பா” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் என்னைக் கூப்பிட்டுக் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, ரிப்பனை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். யாரும் கூப்பிடவில்லை. பள்ளியிலிருந்து மேலே எங்கேயோ எழுதிக் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் வந்தது. அன்றைய தினம் இப்பகுதியில் நில அதிர்வு எதுவும் பதிவாகவில்லை, விமானம் எதுவும் பறக்கவில்லை. அதாவது சத்தமே இல்லை. பழனியிலும் பெரும்பாறையிலும் காது அடைத்து நின்றவர்கள் எல்லோரும் கனவு கண்டவர்கள். கையெழுத்துப் போட்டவர் எந்த ஊரில் உட்கார்ந்து போட்டாரோ, அந்த ஊரில் கண்ணாடிகள் பத்திரமாக இருந்திருக்கும்.

சத்தம் இல்லையென்றால் கண்ணாடி எப்படி உடைந்தது? ஹெச்.எம். நல்லவர்தான். நல்லவர்களுக்குக் காகிதத்தின் மேல் பயம் அதிகம். பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். இதற்குள் கையைக் கடித்தவனின் அப்பா வந்துவிட்டார். லேக் பக்கத்தில் அவருக்கு ஒரு ஹோட்டல் இருந்தது. மகனுடைய முழங்காலில் சிராய்ப்பு. தூங்குகிற பிள்ளையை ஆயா ஏன் இழுத்தாள்? கண்ணாடி உடைவதற்கு முன்னாலேயே அறையைக் காலி செய்திருக்கிறாளே, உடையப் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்விதான். மகனின் முகம் முழுசாக இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை.

ஹெச்.எம். அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஹோட்டல்காரர் நாற்காலியில் இருந்தார். பி.டி. சார் சுவரோரம் விறைப்பாக நின்றார். அத்தை கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் பி.டி. சாரிடம், அது விமானச் சத்தம் மாதிரி இருந்ததா, உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று ஹெச்.எம். கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க மேடம்” என்றார் சார்.

தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என்ன விசுவாசமோ, யாருக்கு விசுவாசமோ. மீசை மட்டும் துடித்தது.

ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். “நீ ஆயாகிட்ட எதுவும் சொன்னியா? மறுபடியும் அந்தக் கல்லு கதையா? டி.சி. ஞாபகம் இருக்கா?”

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். ஆமாம் மிஸ், நான்தான் பார்த்தேன், நான்தான் சொன்னேன் என்று தொடங்க வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டாள்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். நாந்தான் ஒட்டடை அடிச்சேன். கம்பு பட்டு ஒடஞ்சு போச்சு. பயத்துல பிள்ளைகள வெளிய இழுத்துட்டேன். எம்மேலதான் தப்பு.”

ஒரு ஒட்டடைக் கம்பு பட்டுப் பதினொரு கண்ணாடிகள். தூங்குகிற குழந்தைகளின் தலைக்கு மேலே ஒட்டடை அடிக்கிற ஆயா. அந்த அறையில் அதை நம்பியவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஹெச்.எம். பேனாவைத் திறந்து எழுதினார். நான் “பொய்யி, அத்தை பொய் சொல்றாங்க” என்று கத்தினேன். பி.டி. சார் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

ஆறு வருடம் கழித்து, நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது, விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றையே நம்முடைய ஏவுகணை அடித்து நொறுக்கியதென்று டிவியில் பெருமையாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் பி.டி. சாரைப் பார்த்தேன். இனிமேல் கல் வந்தால் இதை வைத்துத் தடுப்பார்களா சார் என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், “கல்லுக்கு இல்ல பாப்பா. அது வேற சோலி” என்றார். அத்தனை உயரத்தில், அத்தனை வேகத்தில் போகும் ஒரு பெட்டியைக் குறி தவறாமல் அடிக்கத் தெரிந்த உலகம் இது. கீழே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மத்தியானம் குழந்தைகள் தூங்கும் என்று பார்க்க யாருக்கும் தெரியவில்லை. பறக்கப் போகிறோம், ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னாலேயாவது, ஆமாம் நாங்கள்தான் என்று சொல்லவில்லை. ஒலியை முந்திப் பறந்து அந்த வெடிச்சத்தத்தைப் போட்டது எந்த விமானம், யார் அனுப்பியது என்று இன்றைக்கு வரைக்கும் எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இருப்பது அத்தையின் கம்பு மட்டும்தான்.

ஆனால் அந்த வருடம் என் கோபம் முழுவதும் அத்தை மேல்தான் இருந்தது. அவள் வேலை போனதோ, ஈஸ்டர் முடிந்ததும் பெரும்பாறையில் மாமாவின் சொந்தக்காரர்களோடு மிளகு பறிக்கப் போகிறாள் என்று முடிவானதோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் கல்லை அவள் பொய்யாக்கிவிட்டாள். நான் காப்பாற்றிய குழந்தைகளை ஒட்டடைக் கம்புக்குக் கொடுத்துவிட்டாள். போன வருடம்தான் நான் புதுநன்மை, பூசையில் சாமியார் தரும் அப்பத்தை முதல் தடவையாக, வாங்கியிருந்தேன். பத்துக் கட்டளையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பொய் எட்டாவது கட்டளைக்கு விரோதம்; அந்தப் பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் நன்மை வாங்கப் போனபோது அத்தை பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய் நன்மை வாங்கினேன். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பாஸ்காவுக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாத கத்தோலிக்கர் எங்கள் தெருவில் கிடையாது. குடிகாரர்கள்கூட வெள்ளனே வந்து வரிசையில் நின்றார்கள். அப்பா நின்றார், அம்மா நின்றாள், நானும் நின்று, அத்தையோடு பேசாமல் இருந்ததைப் பாவமாகச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தை வரிசைக்கு வரவில்லை. கோவிலுக்கு வெளியே, வெயில் விழுகிற படியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து நான் அவளோடு பேசினேன். “பொய் சொன்னீங்கள்ல? போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க” என்றேன்.

அத்தை என் ரிப்பனைச் சரிசெய்ய வந்தாள். நான் தலையை விலக்கிக்கொண்டேன்.

“மனஸ்தாபப்பட்டாத்தான புள்ள சாமியார்ட்ட போகணும்” என்றாள். “எனக்கு மனஸ்தாபம் வரலையே.”

பொய்யும் சொல்லிவிட்டு வருத்தமும் இல்லையா? அந்தத் திமிர் எனக்குப் பொறுக்கவில்லை. கோவிலுக்குள் ஓடி, முட்டிபோட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அதை அப்படியே சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தையின் பாவத்துக்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.