என் பெயரில் போன நாயின் ரத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தஞ்சாவூரில், என் நாயின் ரத்தத்தை என்னுடையது என்று சொல்லி ஒரு பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வேலை போனது. வெளிநாட்டில் இருக்கும் என் மகனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு புது ஆற்றுப் பக்கம் உள்ள வீட்டில் நானும் ஒரு நாட்டு நாயும் மட்டும்தான். அதன் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் தட்டுப்பட்டபோது ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போனேன். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்றார் கால்நடை மருத்துவர். வாரம் ஒரு ஊசி. அந்த மருந்து நோயோடு சேர்த்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் அழிக்கும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முதல் நாள் ரத்தம் எடுத்து எண்ணிக்கை பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும் என்றார்.

ரத்தத்துக்கும் ஊசிக்குமாக வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் அங்கே போய்வர நாயால் முடியவில்லை. வழியெல்லாம் வாந்தி. எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் வீட்டுக்கே வந்து ஒரு சிறு குழாயில் ரத்தம் எடுத்துத் தந்தார். அதை வாங்கத்தான் ஆளில்லை. முதலில் கேட்ட பரிசோதனை நிலையத்தில், மனிதர்களுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் நான் கேட்கவே இல்லை. குழாயின் மேல் என் பெயரையும் வயதையும் எழுதி, வீட்டில் நர்ஸ் வந்து எடுத்தார் என்று நீட்டினேன். எண்களை மட்டும் மருத்துவரிடம் போனில் வாசித்தேன். எங்கே பார்த்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். திருவையாறு பக்கத்தில் ஒரு கிராமம். வயல் வேலை செய்யும் குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்கு வந்தவர். நாயின் சிவப்பணு மனிதனுடையதைவிடச் சிறியது. அவர் அதை என் உடம்பில் இரும்புச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். "முருங்கைக்கீரை சேத்துக்குங்க ஐயா. ஒத்த ஆளுதானேன்னு சமைக்காம இருந்துடாதீங்க" என்றார். என் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று மாலையே கீரை வாங்கிப் பொரியல் செய்து சாப்பிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவரே போன் செய்தார். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, இரண்டு முறை பார்த்துவிட்டேன், தாமதிக்காமல் வாருங்கள் என்றார். நான் கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திவைத்தார். இந்த நிலையில் போட்டிருந்தால் நாய் தாங்கியிருக்காது என்றார்.

நான் போகாததால் மறுநாள் அந்தப் பெண் மறுபடி ரத்தம் எடுக்க ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேசாமல் கையை நீட்டினேன். நாய் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

என் ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரே நாளில் இப்படி மாறாது, இந்தப் பெண்தான் குழாயை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டி, உரிமையாளர் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அடுத்த குழாயோடு போனபோது அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். சரியாக எண்ணி என் நாயைக் காப்பாற்றியவர், அந்த எண்ணுக்காகவே வேலை இழந்திருந்தார். செய்முறைத் தேர்வில் ஒரு எண்ணை மாற்றி எழுதிய மாணவனை வெளியே அனுப்பியவன் நான். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.

பிறகு உரிமையாளரிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். வேடிக்கையில்லை என்று புரிந்ததும், "படிச்சவர்தானே சார் நீங்க?" என்றார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட ஒப்புக்கொண்டார். கூப்பிட்டும் அவர் வரவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தக் கடிதத்தோடு அவருடைய கிராமத்துக்கு பஸ் ஏறினேன். குறுவை அறுவடை நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் தன் வீட்டு முன்னால் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உடம்பு தேவலையாங்க ஐயா?" என்று கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெல்லில் இன்னொரு சால் காலால் இழுத்தார்.

"உங்களுக்கு ரத்தப் புத்துநோயோன்னு அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல" என்றார். "நாயோடதுன்னு சொல்லியிருந்தா ஓனர்கிட்ட நானே கெஞ்சிக் கேட்டிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உங்களால?"

மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை வாங்கிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தைக் காட்டி மயிலாடுதுறையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாயை வாரத்துக்கு இரண்டு முறை, வாந்தியோடுதான், ஒரத்தநாட்டுக்கே அழைத்துப் போய்வந்தேன். மாசியில் அது இறந்தது. அடுத்த பொங்கலுக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கேங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்கிறேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒருவரை நானே இழந்தேன் என்பது ஒவ்வொரு முறை அந்தத் தாளைப் பிரிக்கும்போதும் தெரிகிறது.