பத்துக்கு எவ்வளவு, வடிவக்கா?

"ஆன்ட்டி, அம்மா நஹீ ரஹீ" என்று விடிந்ததும் போனில் சொன்னாள் சுதா. வடிவக்காவின் மகள், டெல்லியில் பிறந்த பெண். அம்மா இல்லை என்பதைச் சொல்ல அவளுக்குத் தமிழ் வரவில்லை. கிட்வாய் நகரில் அடுத்த வீடு, அலுவலகத்தில் பக்கத்து மேசை. சண்முகவடிவு என்கிற நம் வடிவக்கா மூச்சுத் திணறிப் போய்விட்டார்.

மூக்குக்குள் சதை வளரும் வியாதி அவருக்கு. கூடவே ஆஸ்துமா. அவரோடு பழகிய உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரிய விட்டால்தானே? வாசனை வராததால் குழம்பு கெட்டுவிட்டதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. கிண்ணத்தோடு என் வாசலுக்கு வருவார். "ஏட்டி, இத மோந்து பாரு. ஊசிப்போச்சா?"

ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். மூக்கடைப்பு, வாசனை, முகவலி, தூக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பத்துக்கு எவ்வளவு தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். பந்தியில் போதும் என்று இலையைக் கையால் மறிக்கிற மாதிரி, எல்லாவற்றுக்கும் "இரண்டு போதும்" என்றார் அக்கா. சுதாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார், வாசனையே கிடையாது என்று ஹிந்தியில் போட்டு உடைத்தாள். மூக்கில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கிறது என்றார். வெளியே வந்ததும் அக்காவிடம் சண்டை போட்டேன்.

"பத்துன்னு சொல்லிட்டா, அப்புறம் கூடுனா சொல்றதுக்கு எடம் வேண்டாமாட்டி?" என்றார். அன்று சிரித்தேன்.

சதையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு வாசனை திரும்பியது. குப்பை வண்டி வந்தால்கூட வாசலில் போய் நிற்பார். "நாறுதுட்டி!" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனுஷியை நான் பார்த்ததில்லை. அடுத்த குளிருக்குள் சதை மறுபடி வளர்ந்துவிட்டது. கிண்ணம் மறுபடி என் வாசலுக்கு வந்தது. வளராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்றார்கள். "அது ரொம்ப முடியாதவங்களுக்கு. எனக்கு என்ன?" என்று தள்ளிப்போட்டே வந்தார். நாங்கள் சொல்லி எதுவும் ஆகவில்லை.

கடைசி நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் என்மேல் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல், "பத்துக்கு எவ்வளவுக்கா?" என்றேன். அவரால் பேச முடியவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி விரித்தார். எட்டு விரல். இரண்டை மடக்கியே வைத்திருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மடங்கிய இரண்டு விரல்கள்தான். பத்தையும் காட்டியிருக்கலாமே, அக்கா.