2519 தேங்காய்கள்

"பொம்புளப் புள்ள கணக்குப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாய்?"

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் குடித் தலைவரான மரைக்கார் என்னிடம் கேட்டது. அவர் வாசலில் தேங்காய்ப் பொச்சுமட்டை எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை ஏறியதும் மனம் பள்ளிவாசல் முற்றத்துத் தேங்காய்க் குவியலுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் அப்போதெல்லாம் கந்தூரி விருந்துக்கு வந்து மிஞ்சிய தேங்காயைத் தாய்வழிக் குடிகள் ஏழுக்கும் சமமாகப் பங்கு வைப்பார்கள். மொத்தத்தை எண்ணக் கூடாது. எண்ணினால் பறக்கத் என்கிற இறையருள் போய்விடும். குடிக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் போட வேண்டும். போடுகிறவர் என் வாப்பா. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு, கண்டதையெல்லாம் எண்ணும் பைத்தியம். குவிக்கும்போதே வாய்க்குள் எண்ணிவிட்டேன்: 2519.

கடைசிச் சுற்றில் ஏழாவது குடிக்கு ஒன்று குறைந்தது.

"எங்கட குடியெண்டா இளப்பமாடா?" என்று ஒருவன் வாப்பாவின் கழுத்தைப் பிடித்தான்.

"பொறுங்க. பள்ளிவாசலுக்கும் ஒரு பங்கு வெச்சு எட்டாப் பிரிங்க" என்றார் இதே மரைக்கார். கலைத்துப் போட்டார்கள். பள்ளிவாசலின் பங்கில் ஒன்று குறைந்தது. தொழுவிக்கும் லெப்பையையும் சேர்த்து ஒன்பதாக்கினார்கள். லெப்பைக்கு ஒன்று குறைந்தது.

"எப்பிடிப் பிரிச்சாலும் ஒண்டு குறையுது! கள்ளன் ஒளிக்கான்!"

"ரெண்டாயிரத்தி ஐநூத்திப் பத்தொம்பது!" என்று கத்தினேன்.

பறக்கத்தைக் கெடுத்தவள் என்று எனக்கு முதல் அறை. அடுத்து வாப்பாவுக்குத் தென்னமட்டையால் முதுகில், விழுந்ததும் விலாவில் உதை. ஒருவன் அவர் வலக்கையை மணலில் மிதித்துப் பிடித்தான். இன்னொருவன் தேங்காய் உரிக்கும் இரும்பு அலவாங்கை ஓங்கினான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிவந்து அவர்மேல் விழுந்த உம்மாவின் தோளிலும் ஒன்று இறங்கியது.

பல வருடம் கழித்து வகுப்பில் ஒரு கேள்வி: ஒன்று முதல் பத்துவரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் எது? 2520. அதில் ஒன்றைக் குறைத்தால் ஏழாய், எட்டாய், ஒன்பதாய், பத்துவரை எப்படிப் பிரித்தாலும் கடைசிப் பங்கில் ஒன்று குறையத்தான் செய்யும். யாரும் களவெடுக்கவில்லை. அந்த எண்ணின் குணம் அது.

போன வெள்ளி மரைக்காருக்கு முன்னால் பதினொரு கல்லை வைத்து இரண்டாய், மூன்றாய், நான்காய்ப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் கடைசிப் பங்கில் ஒன்று குறைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் என் கையைத்தான் பார்த்தார்.

"விளங்குது மகள்" என்றார் கடைசியில். "ஆனா பழைய கத. இத இனி ஊருக்குள்ள கிண்டாத."

இப்போது குவியலும் இல்லை, பங்கும் இல்லை. குடிக்குக் குடி தனியாகக் கந்தூரி ஆக்கித் தின்கிறார்கள். வாப்பாவின் வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. இடக்கையால் சோறு அள்ளக் கூசி, ஆள் பார்க்க அவர் சாப்பிடுவதே இல்லை.

கிண்டாதே என்றவருக்கு முன்னால் பதினொரு கல்லையும் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன். அன்று விடியலிலேயே பள்ளிவாசல் மதிலில் கரிக்கட்டையால் வாப்பாவின் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி, அதன் கீழே கணக்கு முழுவதையும் போட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வந்திருந்தேன்.