ஜி போடாத கன்னையா

சாவியைத் திருகுவதற்கு முன்னால் கன்னையா கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டாக்சியின் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் படத்தை அழுத்தித் துடைக்கிறார். படத்தில் இருப்பவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். எங்கள் ஊர் ட்ராசாவின் வெயில் அவரைப் பாதி தின்றுவிட்டது. ராணுவத் தொப்பியும் வட்டக் கண்ணாடியும்தான் மிச்சம். முகம் எங்கே என்று கேட்டால், "எனக்குத் தெரியுது, போதும்" என்பார்.

இரண்டாயிரத்தில் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் தீவின் பார்லிமெண்டைப் பிடித்த பிறகு, ராணுவம் ரோட்டில் செக்போஸ்ட் போட்டது. வண்டிக்குள் குனிந்து பார்த்த சிப்பாய், படத்தில் இருந்த ராணுவத் தொப்பியைக் கண்டு, "மேஜரா?" என்று கேட்டான். "அதுக்கும் மேல" என்றார் கன்னையா. சிப்பாய் சல்யூட் அடித்து வழிவிட்டான்.

ஆள் குட்டை. ஸ்டீயரிங்குக்கு மேல் தலை தெரிய வேண்டும் என்று அடியில் தலையணை போட்டிருக்கிறார். இடது காது மந்தம். பயணி ஏதாவது சொன்னால் தலையை முழுசாகத் திருப்பிக் கேட்பார். அதற்குள் வண்டி எதிரே வரும் கரும்பு லாரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். பழகியவர்கள் அவர் வண்டியில் வாயைத் திறப்பதில்லை.

போர்க் கதை அவருடைய அப்பா சொன்னது. ரங்கூனிலிருந்து பின்வாங்கும்போது போஸுக்கு ஏறிப்போக மோட்டார் இருந்தது. கூட வந்த பெண்கள் படைக்கு இல்லை. அவர் ஏறவில்லை. அவர்களோடு நடந்தார், காலெல்லாம் கொப்புளம். அப்பா சொன்னது அவ்வளவுதான். மீதியைக் கன்னையாவே சேர்த்துக்கொண்டார். ரொட்டிக்குத் தக்காளிச் சட்னிதான் தோது என்பதுகூட இப்போது நேதாஜி சொன்னதாகிவிட்டது.

எங்கள் ஊரில் மைக்கைப் பிடித்தவன் எல்லாம் நேதாஜி. இந்தியில் நேதா என்றால் தலைவர், ஜி மரியாதைக்கு; கூப்பிடுவதே அப்படித்தான். கன்னையா மட்டும் "நேதா" என்று நிறுத்திக்கொள்வார். "ஜி சும்மா வருமா? கால்ல கொப்புளம் வரணும்."

வெளிநாடு போகிறவர்களைத் திட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் எத்தனையோ குடும்பங்களை நாடி ஏர்போர்ட்டில் இறக்கி, குழந்தைகளுக்கு மாங்காயும் உப்பு மிளகாயும் கொடுத்து அனுப்பியவர் அவர். "பயந்தவன் போவட்டும். பயப்படாதேன்னு சொன்னவன் போவக்கூடாது."

அப்படிச் சொன்னவன் பிஜேந்திரா. எங்கள் விவசாயிகள் கமிட்டிக்குச் செயலாளர். கோயில் மைதானத்தில் நின்று, "கரும்ப வெட்டாதீங்க! மில்லு நின்னாத்தான் துப்பாக்கிக்காரனுக்கு உறைக்கும். கடைசி வரைக்கும் நான் உங்ககூட நிக்கிறேன்!" என்று கத்தினான். நாங்கள் கத்தியைக் கீழே போட்டோம். என் கரும்பும் நின்றது, கன்னையா வீட்டுக்குப் பின்னால் இருந்ததும் நின்றது. பூ விட்டு, காய்ந்து, சக்கையாகி நின்றது.

அந்தக் கரும்பு நிற்கும்போதே ஒரு காலை, பிஜேந்திரா வீட்டுக்கு டாக்சி வேண்டும் என்று ஆள் வந்தது. ஏர்போர்ட் தாண்டி மார்டின்டாரில் எனக்கு வேலை இருந்ததால் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வாசலில் பெரிய பெரிய பெட்டிகள். கழுத்தில் மாலை இல்லை, வழியனுப்ப ஒருத்தரும் இல்லை. பிஜேந்திரா புது பூட்ஸில் நின்றான். அவன் மனைவி சுமித்ரா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க போற, நேதா?" என்றார் கன்னையா.

"ஆஸ்திரேலியா, கன்னையா பாய். அங்க போய் நம்ம விஷயத்த உலகத்துக்கு எடுத்துச் சொல்லணும். பாத்து ஓட்டுங்க, லேட்டாவுது."

கன்னையா பெட்டிகளை டிக்கியில் அடுக்கினார். லௌடோகா தாண்டும் வரை தலையைத் திருப்பவே இல்லை. இரண்டு பக்கமும் எங்கள் கரும்பு, வெள்ளைப் பூவோடு. ஏர்போர்ட் திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"பின்னாடி இன்னும் எத்தன பேருக்கு எடம் இருக்கு, நேதா?"

"இன்னா பாய், இப்ப போயி வெளையாட்டு! எங்க எடம்? இதுவே நெருக்கம்."

"ட்ராசாவே உம்பின்னால நின்னுச்சே, அவங்களுக்கு?"

பிஜேந்திரா என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"எல்லாருக்கும் எடம் இல்லன்னுதான் அந்த மனுஷன் ஏறல." கன்னையா படத்தைக் காட்டினார். "எறங்கு. உன் வூட்டுக்காரம்மா உக்காரட்டும். அவங்க மைக்குல ஒண்ணும் சொல்லல."

"பைத்தியமா உனக்கு? பிளேனு போயிடும்!"

"அப்ப வெரசா நட."

பிஜேந்திரா மனைவியைப் பார்த்தான். சுமித்ரா பின்சீட்டில் நகர்ந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் இறங்கி நடந்தான். கன்னையா முதல் கியரிலேயே பக்கத்தில் உருட்டினார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. "அடிச்சிக்கோ" என்றார்.

ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை வரிசையாக இறக்கி வைத்தார். பிஜேந்திரா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு புது பூட்ஸைக் கழற்றினான். கன்னையா எதிரில் குந்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவன் சாக்ஸை இறக்கி, படம் துடைக்கிற அதே கட்டைவிரலால் குதிகாலைத் தடவிப் பார்த்தார். திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார்.

"செவந்துதான் இருக்கு, நேதா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் டிக்கியைச் சாத்தினார்.