சீக்கிரம் வருகிறவர்கள்

"வேண்டாம்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

கட்டில் மேல் திறந்து கிடந்த பெட்டியைச் சுற்றி நின்ற மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. லீவுக்குத் தங்கப் போகும் ஹோட்டலின் பெண் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அறை மதியம் மூன்று மணிக்குத்தான். ஆனால் காலையிலேயே வருவதாக இருந்தால் சொல்லுங்கள், குறித்து வைக்கிறேன், முடிந்தால் முன்னதாகவே கொடுத்துவிடுவோம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

"காசு கிடையாதுன்னுதானே சொன்னா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"அப்புறம் எதுக்கு வேண்டாம்னே?"

"அது சரிப்படாது."

"சும்மா குடுக்கறது சரிப்படாதா? டேய் தம்பி, எங்கேருந்துடா புடிச்சே இவளை?"

தம்பி ஒரே சட்டையை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தான். பத்து வயது மகள் பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, "அப்போ பார்க்குக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்டாள்.

"பகல் பஸ்ஸுல போறோம். மூணு மணிக்கு இறங்கறோம். குளிச்சிட்டு, நிதானமா சாயங்காலம் உள்ள போறோம். மறுநாள் முழுக்க இருக்கே."

தெளிவாகத்தான் சொன்னாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த அறையில் யாருக்கும் புரிந்திருக்காது.

அவளும் ஒரு ஹோட்டலில்தான் வேலை பார்த்தாள். அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. மகள் பிறந்தபோது கொஞ்ச காலம் விட்டுவிட்டு, மறுபடி அதே மாடிக்கே போனாள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த மாடியோ அதுதான் பெயர். அவள் நாலாம் மாடி. வீட்டுக் கட்டில்களிலும் விரிப்பின் மூலைகளை வேலையில் மடிப்பதுபோலவே மடித்து மெத்தைக்கடியில் இறுக்கிவிடுவாள். மகள் தினமும் தலைமாட்டிலிருந்து உறைக்குள் கடிதம் போலச் சொருகிக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

காலையில் சூப்பர்வைசர் அன்றைய அறைகளை எழுதிய தாளைக் கொடுப்பாள். சில அறை எண்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். சீக்கிரம் வருகிறவர்கள். அந்த அறையில் ராத்திரி படுத்தவர்கள் இன்னும் எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். டிராலியோடு கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். வரிசையாக முடித்துக்கொண்டு போகிற வேலை தாறுமாறாகும். முதலில் போவது டீ இடைவேளை. அப்புறம் இடுப்பு. பின்படிக்கட்டில் நின்று எல்லா மாடிகளும் சேர்ந்து திட்டுவார்கள். "விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்குதுங்க பாரு, வீட்ல படுக்கப் பாயில்லாத மாதிரி." அதில் அவள் குரல் சற்று உரக்கவே இருக்கும்.

ஊர் பேர் தெரியாத யாரோ ஒருத்தியின் தாளில் தான் ஒரு சிவப்புப் புள்ளியாக இருப்பதா? அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கணவன் மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மறுநாள் நான் இருக்க மாட்டேன்" என்றான்.

அவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட வண்டியில் இருப்பது அதிகம். வந்தால் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான். இந்த லீவுக்கு அவன் கேட்காத ஆள் இல்லை.

"துறைமுகத்துல அவசர லோடாம். கூப்பிட்டுட்டாங்க. போற அன்னிக்கு மட்டும் கூட இருக்கலாம். மறுநாள் விடியறதுக்குள்ள கிளம்பணும்."

"எப்ப கூப்பிட்டாங்க?"

"நேத்தே."

"நேத்தே தெரிஞ்சுதான் இவ்வளவு நேரமா சட்டை மடிச்சிட்டிருந்தீங்களா?"

மகள் தாடையை எடுத்தாள். அந்தப் பொழுதுபோக்குப் பார்க்கில் ஒரு வண்டி இருந்தது. மலைக்குள் இருட்டில் சுற்றிச் சுற்றி ஏறி, கடைசியில் வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழும். அதன் வீடியோவை அவள் பார்த்திருந்த கணக்குக்கு, எந்த வளைவில் யார் அலறுவார்கள் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வளைவு வரும் முன்பே "இப்போ பாரு" என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"அப்போ முதல் நாள் மட்டும்தானா?" என்றாள்.

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். "ராத்திரி பஸ். காலையில இறங்கறோம். பையை எங்கயாவது தூக்கிப் போட்டுட்டு நேரா உள்ள. முடிஞ்சுது."

"குளிக்காமயா அண்ணி?"

"அதான் தண்ணியில விழப்போறோம்ல."

பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகத் தன் தலையணையை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள்.

"அங்க கட்டிலுக்கு நாலு தலையணை இருக்கும் அண்ணி."

"யார் யார் தலை வச்சதோ."

"உறையை தினம் மாத்துவோம்."

"உறையைத்தானே மாத்துவீங்க?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி தனக்குத் தோன்றியதே இல்லையே என்று அவள் நினைத்தாள்.

ஹோட்டலுக்கு மறுபடி போன் செய்யச் சொன்னான் கணவன். செய்கிறேன் என்றாள். செய்யவில்லை. குறித்து வைக்காமல் போய் நின்றால் புள்ளி வராது, பையை மட்டும் கீழே கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டாள். ஆனால் உடை மாற்றுவது எங்கே? ஹோட்டல் வாசல் கழிவறையில் பல் தேய்ப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தொட்டியெல்லாம் நுரையாக்கிவிட்டுப் போவார்கள். பஸ்ஸிலேயே மாற்றினால்? நாத்தனாரை எங்கே உட்கார வைப்பது? முதலில் சாப்பாடா, முதலில் வரிசையா? நாலாம் மாடியில் ஒரு முழு வரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கிறவளுக்கு, விருந்தாளியாக ஒரு காலையை எப்படிக் கடப்பது என்பது விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் வேலையில், துணி அறையில் விரிப்பு மடிக்கும்போது, என்ன செய்வது என்று ஆறாம் மாடியிடம் கேட்டாள்.

"நீ ரூமைப் பாக்கப் போறியா, பார்க்கைப் பாக்கப் போறியா?" என்றாள் ஆறாம் மாடி.

"பார்க்கைத்தான்."

"அப்புறம் ஏன்டி ரூமையே பேசிட்டிருக்க?"

"அங்க வேலை செய்யறவளுக்குக் கஷ்டமில்லையா?"

"அவளுக்குத் தெரியவா போகுது நீ யாருன்னு? அவளும் உன்னைத் திட்டத்தான் போறா. திட்டட்டும். வரும்போது சோப்பு எடுத்துட்டு வா."

"இங்கதான் மூட்டை மூட்டையா கிடக்கே."

"இது நம்ம சோப்பு. அது வேற."

கடைசியில் ராத்திரி பஸ்ஸில்தான் கிளம்பினார்கள். காலையில் பஸ் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்கின் வாசலும் ஹோட்டலும் ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தன. வாசலில் இன்னும் கதவு திறக்கவில்லை. கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஹோட்டலுக்குள் நுழைந்ததும் அவள் கால்கள் தாமாகவே பக்கவாட்டில் இருந்த ஊழியர் கதவை நோக்கி நடந்தன. கணவன் பையைப் பிடித்து இழுத்துத் திருப்பினான்.

"பையை மட்டும் வச்சுக்கிட்டா போதும்" என்றாள் ரிசப்ஷன் இளைஞனிடம்.

"ஒரு நிமிஷம் மேடம். ரெண்டாவது மாடில ஒரு ரூம் ரெடியாயிட்டிருக்கு. சீக்கிரம் முடிக்கச் சொல்றேன்."

"இல்லை, நாங்க கேக்கவே இல்லையே."

"அதான் வந்துட்டீங்களே மேடம்" என்று அவன் சிரித்தபடி போனை எடுத்துவிட்டான்.

நாத்தனார் அதற்குள் சோபாவில் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "குடுக்கறாங்க, வாங்கிக்கோயேன்" என்றான் கணவன். "நாங்க போய் வரிசையில நிக்கறோம். அக்காவை மேல விட்டுட்டு நீ வந்துடு."

அவனும் மகளும் சாலையைக் கடந்து போனார்கள். பார்க் டிக்கெட் தன் போனில் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. உடனே போய்விடுவோம் என்றுதான் நினைத்தாள்.

அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு பெண், அவள் வயதுதான் இருக்கும், வெறும் மெத்தையின் மீது விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"மன்னிச்சுக்கோங்க மேடம், ரெண்டே நிமிஷம்."

மேடம் என்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. நாத்தனார் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

விரிப்பின் மறுமுனை அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிடித்தாள்.

"ஐயோ விடுங்க மேடம்."

"இழுங்க" என்றாள் அவள்.

இருவரும் இழுத்தார்கள். மூலையை அவள் தன் வழக்கப்படி உறை மாதிரி மடித்தாள். அந்தப் பெண் அதைப் பிரித்து, தங்கள் வழக்கப்படி தட்டையாகச் செருகினாள். அடுத்த மூலையை அவளும் தட்டையாகவே செருகினாள். தலையணை, போர்வை, துண்டு. பேச்சே இல்லை. எங்கே எது இருக்கும் என்று கைகளுக்கே தெரிந்திருந்தது. வீட்டில் அந்தக் கட்டிலருகே போன் பேசிய நாளிலிருந்து இருந்த குழப்பம் முதல்முறையாகக் கொஞ்சம் அடங்கியது.

"பக்கத்து ரூமும் அவசரம்தான்" என்று தனக்குள் முனகியபடி அந்தப் பெண் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளும் பின்னாலேயே போனாள். கைப்பையும் அதற்குள்ளிருந்த போனும் முதல் அறையின் மேசையில் கிடந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்ததாகப் பிற்பாடு நாத்தனார் சொன்னாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், எழுந்து வருவதாக இல்லை.

இரண்டாவது கட்டில் முடிந்து, மூன்றாவது அறைக் கதவை அவளே தள்ளித் திறக்கப் போனபோது அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள். முகத்தில் நன்றி எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது.

"மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? ஆபீஸ்லேருந்து செக் பண்ண வந்திருக்கீங்களா?"

"இல்லைம்மா. நானும் இதே வேலைதான்."

"யாராயிருந்தாலும் சரி. சூப்பர்வைசர் பாத்தா என் வேலை போயிடும். தயவுசெஞ்சு போங்க."

அவள் முதல் அறையிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள்.

பார்க்கின் முன் கூட்டம் இல்லை. எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். கணவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போன?"

"பெட் போட்டேன்."

"நம்ம பெட்டா?"

"நம்மளதும். பக்கத்து ரூமுதும்."

"காசு ஏதும் குடுத்தாங்களா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மகள் திரும்பாமல் சொன்னாள். "எல்லாரும் முதல்ல அந்த வண்டிக்குத்தான் ஓடினாங்க. பாத்தேன்."

மலைவண்டிக்கான வரிசை மலையைச் சுற்றி, தண்ணீர்க் குழாய்களைத் தாண்டி, பொம்மைக் கடை வரை வந்திருந்தது. நாத்தனார் அறையிலேயே தங்கிவிட, மூன்று பேரும் நின்றார்கள். நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. பாதியில் கணவன் போய் ரொட்டியும் பழரசமும் வாங்கி வந்தான்.

"ஏன் போனேன்னு தெரியலங்க" என்றாள் அவள்.

"ராத்திரி பஸ்ல முழுக்க என் கால் பிரேக்கைத் தேடிட்டே இருந்துச்சு" என்றான் அவன். "அந்த டிரைவர் வளைவுல வேகமா போறான். எனக்குத் தூக்கமே இல்லை."

அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அவர்கள் முறை வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஒரு இருக்கைக்கு இரண்டு பேர். மகளும் அப்பாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். அவளைப் பின்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வண்டி இருட்டுக்குள் போனது. "இப்போ பாருப்பா" என்று மகளின் குரல் கேட்டது. பிறகு எல்லோரும் கத்தினார்கள். அதில் கணவனின் குரல் எது என்று பிரித்தறிய அவள் முயன்றாள். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. எனவே தெரியவில்லை. வெளிச்சம் வந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது.

"இன்னொரு தடவை?" என்றான் கணவன், சட்டையைப் பிழிந்துகொண்டே.

வரிசையை மூடிச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"கதவு திறந்தப்பவே நீ வந்திருந்தா ரெண்டு தடவை போயிருக்கலாம்மா" என்றாள் மகள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

மறுநாள் விடிவதற்குள் அவன் கிளம்பிப் போனான். மகளை எழுப்பவில்லை. மற்ற மூவரும் தாமதமாக எழுந்து, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, பார்க்குக்குப் போனார்கள். கூட்டம் குறைவு. மகள் அத்தையோடு மலைவண்டியில் மூன்று தடவை போனாள். நாத்தனாருக்கு முதல் தடவையே தலை சுற்றியது. ஆனாலும் மற்ற இரண்டு தடவையும் போனாள். மதியம் லேசாகத் தூறியது. பொம்மைக் கடையில் நின்றார்கள், எதுவும் வாங்கவில்லை. திரும்பி வந்தபோது அறை சுத்தமாக இருந்தது. யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. இருட்டியபின் கணவன் போன் செய்தான். லோடு இன்னும் வரவில்லை, துறைமுகத்தில் காலையிலிருந்து சும்மாதான் நிற்கிறேன், நாளைக்குத்தான் வருமாம் என்றான். அவள் சரி என்றாள். மகள் தூங்கிவிட்டிருந்தாள். நாத்தனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.